காகித மறுசுழற்சியில் உகப்பாக்கக் கணிதம்

பயன்படுத்திக் கழித்த காகிதத்தை எங்கே திரட்டுவது, எப்படித் தரம் பிரிப்பது, எந்த ஆலைக்கு அனுப்புவது, அங்கே மையை எத்தனை கட்டங்களில் நீக்குவது, எவ்வளவு புது நாரைச் சேர்ப்பது என்னும் கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. ஒன்றின் விடையை மாற்றினால் மற்றவற்றின் விடையும் மாறும். இவற்றையெல்லாம் ஒரே கணக்காக எழுதி, எடுத்துக்கொண்ட நோக்கத்துக்கு மிக ஏற்ற விடையைத் தேடுவதே காகித மறுசுழற்சியில் உகப்பாக்கம் எனப்படுகிறது. மேல்நிலை வகுப்பில் நேரியல் திட்டமிடல் என்னும் பெயரில் மாணவர்கள் படிக்கும் பாடமே இதன் அடித்தளம். மேசையும் நாற்காலியும் செய்யும் தச்சருக்கு லாபம் கணக்கிட்டுக் கொடுப்பதோடு வகுப்பில் நின்றுவிடும் இந்தப் பாடத்துக்கும் காகித ஆலைகளுக்கும் அரை நூற்றாண்டைக் கடந்த உறவு உண்டு.

கட்டுப்பாடும் குறிக்கோளும்

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவை சொல்கின்றன. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது 35க்கு மேலும் 70க்குக் கீழும் இருக்க வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. இந்த விதிகளில் தேறியவர் பெயர் மட்டுமே ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டது.

கணிதத்தின் மொழியில் இந்த விதிகள் 'கட்டுப்பாடுகள்'. தேறியவர் கூட்டம் 'ஏற்புடைய தொகுதி'. இதுவரை இரண்டும் ஒன்றே. அடுத்த படியில்தான் வேறுபாடு. உத்திரமேரூரில் ஏற்புடைய தொகுதிக்குள்ளிருந்து குலுக்கலால் ஒருவர் தேர்வானார். ஒரு சிறுவன் ஓலையை எடுத்தான். உகப்பாக்கத்தில் குலுக்கல் இல்லை. செலவு குறைவு, நீர் குறைவு, மிகுதியான மீட்பு என ஏதேனும் ஒரு 'குறிக்கோள்' தேர்வைச் செய்கிறது. எனவே விடையைக் குறை சொல்லும் முன், என்ன குறிக்கோள் வைக்கப்பட்டது, எந்த விதி எழுதப்படாமல் விடப்பட்டது என்று கேட்க வேண்டும். மறுசுழற்சியின் வரலாற்றில் இந்தக் கேள்வி பல முறை எழுந்திருக்கிறது.

தேயும் நார்

அச்சிட்ட தாளைத் திரும்பவும் வெள்ளைத் தாளாக்கும் முயற்சி இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வருகிறது. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் சட்டப் பேராசிரியராக இருந்த யுஸ்டுஸ் கிளாப்ரோத், மையைக் கழுவி நீக்கிப் புதுத் தாள் செய்யும் முறை பற்றி 1774இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். லண்டனில் மத்தியாஸ் கூப்ஸ் 1800இல் மை நீக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்று ஆலையும் நடத்தினார். சில ஆண்டுகளிலேயே அந்தத் தொழில் நொடித்தது. செய்து காட்டுவது ஒன்று, கட்டுபடியாகும்படி செய்வது வேறொன்று. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பழைய செய்தித்தாளிலிருந்தே புதிய செய்தித்தாள் செய்யும் ஆலையை ரிச்சர்ட் ஸ்கடர் 1961இல் தொடங்கினார். அதற்குப் பிறகே இது பெருந்தொழிலாக நிலைபெற்றது.

மற்ற ஆலைகளில் மூலப்பொருள் ஒரு வாசலில் நுழைந்து பண்டமாக மறுவாசலில் வெளியேறும். மறுசுழற்சி ஆலையில் வெளியே போன பண்டம் மூலப்பொருளாகத் திரும்பி வருகிறது. வரும்போது கொஞ்சம் தேய்ந்தும் வருகிறது. தாள் உலரும் ஒவ்வொரு முறையும் அதன் நார் விறைத்து, நீரில் ஊறி நெகிழும் தன்மையை இழக்கிறது. கூழாக்கும்போது முறிந்து குறுகுகிறது. ஒரு நாரை ஐந்து முதல் ஏழு முறை வரை சுழற்றலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஆகவே சுழற்சிக்குள் புதிய நார் எங்கேனும் வந்து சேர்ந்துகொண்டே இருக்க வேண்டும். "காகிதம் முழுவதையும் என்றென்றும் மறுசுழற்சி செய்யலாம்" என்று பள்ளிச் சுவரொட்டிகளில் எழுதுவது நல்லெண்ணத்தில் எழுதுவதுதான். ஆனால் நார் அப்படி நடந்துகொள்வதில்லை.

ஒட்டுப்பலகையில் பிறந்த கணிதம்

1930களின் பிற்பகுதியில் லெனின்கிராடு நகரின் ஒட்டுப்பலகை நிறுவனம் ஒன்று, இளம் கணிதப் பேராசிரியர் லியோனித் காந்தரோவிச்சிடம் ஒரு சிக்கலைக் கொண்டு வந்தது. பல வகை மரங்கள், பல இயந்திரங்கள். ஒவ்வோர் இயந்திரமும் ஒவ்வொரு மரத்தை ஒவ்வொரு வேகத்தில் உரிக்கும். எந்த மரத்தை எந்த இயந்திரத்துக்குக் கொடுத்தால் உற்பத்தி மிகும்? இது ஓர் ஆலையின் சிக்கல் மட்டுமல்ல, ஒரு முழு வகைக் கணக்கு என்று கண்ட காந்தரோவிச், 1939இல் அதை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். கழிவு குறையும்படி பொருள்களை வெட்டும் கணக்கும் அதில் இருந்தது.

தீர்வு காண்பதற்கு அவர் பயன்படுத்திய துணை எண்களை 'தீர்வுப் பெருக்கிகள்' என்றார். ஒரு மூலப்பொருள் இன்னும் ஓர் அலகு கூடுதலாகக் கிடைத்தால் மொத்த விளைவில் எவ்வளவு நன்மை சேரும் என்பதை அந்த எண்கள் காட்டின. சந்தை விலை வேறு, இந்த உள்மதிப்பு வேறு. இன்று இதை நிழல் விலை என்கிறோம். பழைய காகிதத்துக்கு வரும்போது இந்த எண்தான் கணக்கின் சாரமாக இருக்கும்.

அமெரிக்காவில் ஜார்ஜ் டான்சிக் 1947இல் சிம்ப்ளக்ஸ் முறையைத் தனியே உருவாக்கினார். காந்தரோவிச்சின் நூல் ஆங்கிலத்தில் 'மேனேஜ்மென்ட் சயின்ஸ்' என்ற ஆய்விதழில் வந்தது 1960இல்தான். 1975இல் அவருக்கும் ட்யாலிங் கூப்மன்ஸுக்கும் பொருளியல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

சுருளை வெட்டும் கணக்கு

காகித ஆலைக்குள் இந்தக் கணிதம் நுழைந்த வாசல் மறுசுழற்சி அன்று, சுருள் வெட்டுதல். பொறியிலிருந்து வரும் சுருள் 500 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். வாங்குவோர் கேட்பது 210 செ.மீ., 80 செ.மீ. அகலச் சுருள்கள். இரண்டு 210 மட்டும் வெட்டினால் 80 செ.மீ. கழிவாகிறது. கூடவே ஒரு 80ஐயும் சேர்த்து வெட்டினால் கழிவே இல்லை. இரண்டு அளவுகள் மட்டும் இருந்தால் இதை மனக்கணக்காகச் செய்துவிடலாம். நாற்பது அளவுகளில் ஆர்டர் வந்தால் வெட்டும் முறைகளின் எண்ணிக்கை லட்சங்களைத் தாண்டும். எல்லாவற்றையும் எழுதிப் பார்ப்பதுகூட இயலாது.

ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த பால் கில்மோரும் ரால்ஃப் கோமரியும் 1961லும் 1963லும் வெளியிட்ட கட்டுரைகளில் இதற்கு வழி கண்டனர். எல்லா முறைகளையும் முன்கூட்டியே எழுத வேண்டாம். சில முறைகளோடு தொடங்கி, அப்போது கிடைக்கும் நிழல் விலையைக் கொண்டு, இன்னும் லாபம் தரக்கூடிய அடுத்த முறையை மட்டும் தேடிச் சேர்த்துக்கொண்டே போகலாம் என்பது அவர்களின் யோசனை. இரண்டாம் கட்டுரை காகிதச் சுருள் வெட்டுதலையே சிறப்பாக எடுத்துப் பேசியது.

வெட்டில் விழும் ஓரத்துண்டு வீணாவதில்லை, ஆலைக்குள்ளேயே கூழ்த்தொட்டிக்குத் திரும்பிவிடும் என்று சமாதானம் சொல்வதுண்டு. அந்தத் துண்டை உலர்த்தச் செலவான நீராவி திரும்பி வராது. மறுசுழற்சியைவிடக் கழிவைத் தவிர்ப்பதே மேல் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

எவ்வளவு முடியும்?

1970களில் சுற்றுச்சூழல் கவலையோடு எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்தது. பழைய காகிதத்தை எவ்வளவு தூரம் திரும்பப் பயன்படுத்த முடியும் என்ற கேள்வி அமெரிக்காவில் எழுந்தது. ராஜர் கிளாசியும் விரேந்திர குப்தாவும் 1974இல், அதே 'மேனேஜ்மென்ட் சயின்ஸ்' இதழில், காகித மறுசுழற்சியை நேரியல் திட்டமிடலாக ஆராய்ந்து கட்டுரை எழுதினர். கூழாக்கும் தொழில்நுட்பத்தின் அன்றைய நிலை, ஒவ்வொரு வகைக் காகிதத்துக்கும் உள்ள தேவை, கிடைக்கக்கூடிய பழைய காகிதம் ஆகியவை கட்டுப்பாடுகள். இவற்றுக்குள் அடையக்கூடிய அதிகபட்ச மறுசுழற்சி விகிதம் எது என்பது கேள்வி. "முயன்றால் முழுதும் முடியும்" என்பாருக்கும் "எதுவும் முடியாது" என்பாருக்கும் இடையே அளந்து சொல்லக்கூடிய ஓர் எல்லை உண்டு என்பதை இந்த வகைக் கணக்கு முன்வைத்தது.

கேள்வியின் வடிவம் பின்னர் மாறியது. ஜாக்குலின் புளூம்ஹோஃப் உள்ளிட்ட ஐரோப்பிய ஆய்வாளர்கள் 1996இல் ஐரோப்பா முழுவதையும் ஒரே வலைப்பின்னலாக எழுதினர். புதுக்கூழ் செய்வது, பழைய காகிதத்தைத் திரும்பக் கூழாக்குவது, எரித்து ஆற்றல் பெறுவது ஆகிய வழிகளைச் சுற்றுச்சூழல் சுமையால் எடை போட்டனர். பெரும்பாலான பகுதிகளில் மறுசுழற்சி சுமையைக் குறைக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. 'பெரும்பாலான' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். "அதிகபட்சம் எவ்வளவு" என்ற 1974ஆம் ஆண்டுக் கேள்வி, இருபது ஆண்டுகளில் "எந்த இடத்தில் எவ்வளவு" என்று மாறிவிட்டது.

ஒரு நாளைய கலவை

இந்தக் கணக்கு எப்படி நடக்கிறது என்பதை ஒரு கற்பனை ஆலையைக் கொண்டு பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை.

ஆலைக்கு நாளொன்றுக்கு 100 டன் கூழ் வேண்டும். அதன் வெண்மை அளவு 68க்குக் குறையக் கூடாது. மூன்று வழிகளில் கூழ் செய்யலாம். அலுவலகத் தாள், எழுதிய நோட்டு போன்ற வெள்ளைக் கழிவிலிருந்து செய்தால் வெண்மை 80. டன்னுக்குச் செலவு 30,000 ரூபாய். பழைய செய்தித்தாளிலிருந்து செய்தால் வெண்மை 56. செலவு 20,000 ரூபாய். செய்தித்தாள் கூழையே கூடுதலாக வெளுத்தால் வெண்மை 62 ஆகும். செலவு 23,000 ரூபாய். மூன்றின் அளவுகளை முறையே அ, ஆ, இ என்போம்.

அ + ஆ + இ = 100
80அ + 56ஆ + 62இ ≥ 6,800

வெள்ளைக் கழிவு வேண்டுமளவு கிடைக்குமானால், அதில் 50 டன்னும் சாதாரணச் செய்தித்தாள் கூழ் 50 டன்னும் கலப்பதே மலிவு. வெண்மை சரியாக 68. செலவு 25,00,000 ரூபாய். வெளுப்பது தேவையில்லை.

இப்போது வெள்ளைக் கழிவு 40 டன் கூழுக்குத்தான் கிடைக்கிறது என்று வைப்போம். மீதி 60 டன்னையும் வெளுக்காத செய்தித்தாளால் நிரப்பினால் வெண்மை 65.6தான் வரும், சரக்கு திரும்பிவிடும். வெளுத்தாக வேண்டும். கணக்கிட்டால் 40 டன் வெள்ளை, 20 டன் சாதாரணம், 40 டன் வெளுத்தது என்று விடை வருகிறது. செலவு 25,20,000 ரூபாய். 10 டன் வெள்ளை குறைந்ததால் 20,000 ரூபாய் கூடியது. அதாவது, வெள்ளைக் கழிவில் செய்யும் ஒவ்வொரு டன் கூழுக்கும் ஏற்கெனவே உள்ள செலவுக்கு மேல் 2,000 ரூபாய் வரை கொடுத்தாலும் ஆலைக்கு நட்டமில்லை.

இந்த 2,000 ரூபாய்தான் காந்தரோவிச் சொன்ன பெருக்கி. இது எங்கிருந்து வந்தது? செய்தித்தாளோடு கலந்துவிடாமல் வெள்ளைத் தாளைத் தனியே பிரித்த ஒருவரின் கையிலிருந்து வந்தது. ஆலையின் வெளுப்புத் தொட்டி செய்ய வேண்டிய வேலையின் ஒரு பகுதியை, பழைய பேப்பர் கடையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பவர் முன்கூட்டியே செய்து கொடுத்துவிடுகிறார். அதன் மதிப்பைக் கணக்கு கண்டுபிடித்துவிடுகிறது. அந்த மதிப்பு அவர் கைக்குப் போய்ச் சேர்கிறதா என்பது கணக்கில் எழுதப்படாத கேள்வி.

உண்மையான ஆலையில் வெண்மை இப்படி நேர்விகிதத்தில் கலப்பதில்லை. ஒளி சிதறுவதையும் உறிஞ்சப்படுவதையும் தனித்தனியே கணக்கிட வேண்டியிருக்கும். தாளின் வலிமை, பிசின் துணுக்கு, சாம்பல் அளவு என்று கட்டுப்பாடுகளும் பெருகும். அடிப்படை இதுவே.

நுரையோடு போகும் நார்

மை நீக்கும் பகுதி நேரியல் கணக்குக்குள் அடங்காதது. பழைய காகிதத்தை வெந்நீரிலும் ரசாயனத்திலும் ஊறவைத்துக் கடைந்து கூழாக்குவார்கள். ஊசி, பிளாஸ்டிக் போன்றவற்றைச் சலித்து எடுப்பார்கள். பிறகு சோப்பு கலந்த கூழுக்குள் காற்றுக் குமிழிகளை விடுவார்கள். மைத்துகள் குமிழியில் ஒட்டிக்கொண்டு மேலே நுரையாக மிதக்கும். நுரையை வழித்து எடுத்துவிடுவார்கள். கனிமங்களைப் பிரிக்கச் சுரங்கத்தொழில் கையாண்ட மிதப்பு முறையே இங்கும் வந்தது.

நுரையோடு மை மட்டும் போவதில்லை, நாரும் போகிறது. ஒரு தொட்டி உள்ளே வரும் மையில் 40 விழுக்காட்டை நீக்குவதாகவும், நாரில் 2 விழுக்காட்டை இழப்பதாகவும் கொள்வோம். நான்கு தொட்டிகளை வரிசையாக வைத்தால் மையில் 13 விழுக்காடு எஞ்சும்; நாரில் 92 விழுக்காடு தேறும். ஆறு தொட்டி வைத்தால் எஞ்சும் மை 5 விழுக்காட்டுக்கும் கீழே போகும். நார் 89 விழுக்காடாகும். எட்டு வைத்தால் மை 2 விழுக்காட்டுக்கும் கீழே, நார் 85. ஐந்தாவது, ஆறாவது தொட்டிகள் நன்றாக உழைக்கின்றன. ஏழாவதும் எட்டாவதும் கொஞ்சம் மையை எடுக்கவே ஏறத்தாழ அதே அளவு நாரைக் கொட்டுகின்றன. எத்தனையாவது தொட்டியில் நிறுத்துவது என்பது, செய்யப்போவது செய்தித்தாளா, எழுதும் தாளா, அட்டைப்பெட்டியின் உள்ளடுக்கா என்பதைப் பொறுத்தது.

இதற்கு மேலும் ஒரு சுற்று உண்டு. வழித்த நுரையை இரண்டாம் வரிசைத் தொட்டிகளில் விட்டு, அதிலுள்ள நாரை மீட்டு, முதல் வரிசைக்குத் திருப்பி அனுப்பலாம். நார் மிஞ்சும், ஆனால் கொஞ்சம் மையும் கூடவே திரும்பும். ஒரு தொட்டியை வைப்பதா வேண்டாமா என்பதைப் பாதி வைப்பதாக எழுத முடியாது. 1 அல்லது 0 என்றே எழுத வேண்டும். இப்படி முழு எண்ணும் தொடர்ச்சியான அளவும் கலந்த கணக்கைக் கலப்பு முழுஎண் திட்டமிடல் என்பர். வடிவமைப்பாளர் முதலில் சாத்தியமான எல்லாத் தொட்டிகளையும் எல்லா இணைப்புக் குழாய்களையும் காகிதத்தில் வரைந்துவிடுவார். வேண்டாதவற்றைக் கணக்கு 0 ஆக்கிக் கழித்துவிடும். எஞ்சுவதே ஆலையின் வரைபடம்.

நீருக்கும் இதே முறை பொருந்தும். கூழைப் பிழிந்து வரும் நீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு சுற்றிலும் பசை, மாவுப்பொருள், உப்பு ஆகியவை அதில் சேர்ந்துகொண்டே போகும். ஓர் அளவுக்கு மேல் தாளில் கறையாகவும் ஓட்டையாகவும் வெளிப்படும். எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு அழுக்கான நீர் போதும் என்று பார்த்துத் தூய நீரைக் கடைசிக் கட்டத்துக்குக் கொடுத்துப் பின்னோக்கி வரச் செய்வது நல்ல வடிவமைப்பு. வீட்டில் அரிசி களைந்த நீரைச் செடிக்கு ஊற்றுவதும் இதே அறிவுதான். வேதிப்பொறியியலில் இதற்கான முறையான கணிதத்தை மஹ்மூத் எல் ஹல்வகியும் வாசிலியோஸ் மனூசியூதாகிஸும் 1989இல் எழுதத் தொடங்கினர்.

இந்தியக் கணக்கு

இந்திய நிலைமையை எடுத்துக்கொண்டு எழுதப்பட்ட குறிப்பிடத்தக்க ஆய்வு 2008இல் 'ஒமேகா' என்ற ஆய்விதழில் வந்தது. அதை எழுதியவர்கள் ரூபேஷ் குமார் பதி, பிரேம் வ்ரத், பிரதீப் குமார் ஆகியோர். பிரேம் வ்ரத் ரூர்க்கி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் இயக்குநராக இருந்தவர்.

ஐரோப்பிய, அமெரிக்கக் கணக்குகள் பெரும்பாலும் ஒற்றைக் குறிக்கோளை வைத்தவை. இவர்கள் மூன்றை வைத்தனர்: திரட்டிக் கொண்டு சேர்க்கும் செலவைக் குறைப்பது, காகிதம் கழியும் இடத்திலேயே தரம் பிரித்துப் பண்டத்தின் தரத்தைக் கூட்டுவது, பழைய காகித மீட்பைக் கூட்டிச் சுற்றுச்சூழலுக்கு நன்மை செய்வது. மூன்றும் ஒரே திசையில் இழுப்பவை அல்ல. இடத்திலேயே பிரித்தால் தரம் உயரும். வண்டிகளும் சாக்குகளும் கூலியும் கூடும். குக்கிராமம் வரை போய்த் திரட்டினால் மீட்பு உயரும். டன்னுக்கான வண்டிச் செலவும் உயரும்.

இதற்கு அவர்கள் கையாண்ட கருவி இலக்குத் திட்டமிடல். ஒவ்வொரு குறிக்கோளுக்கும் எட்ட வேண்டிய இலக்கு ஒன்றை வைத்து, அதிலிருந்து எவ்வளவு விலகுகிறோம் என்பதை அளந்து, அந்த விலகல்களை முன்னுரிமை வரிசையில் குறைக்கும் முறை அது. முன்னுரிமையை மாற்றினால் விடை மாறும். அந்த மாற்றத்தைப் படிப்பதே ஆய்வின் நோக்கம். எந்த இடத்தில் கிடங்கு வைப்பது, எந்த வழியில் எந்த வகைக் காகிதத்தை எவ்வளவு அனுப்புவது என்பனவும் அதே கணக்கில் முடிவாகின்றன. செலவுக்கு முதலிடம் கொடுப்பதா, பிரிப்பதற்குக் கொடுப்பதா என்பதைக் கணினி முடிவு செய்யாது. அதை மனிதர் முதலில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டு ஆலைகள்

தமிழ்நாட்டில் காகிதச் சுழற்சியின் பல வளையங்களை ஒரே இடத்தில் காண விரும்புவோர் கரூர் மாவட்டம் புகளூரை அடுத்த காகிதபுரத்தைப் பார்க்க வேண்டும். தமிழ்நாடு அரசு 1979இல் தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் மற்றும் காகித நிறுவனம், 1984இல் அங்கு உற்பத்தியைத் தொடங்கியது. ஆண்டுக்கு 90,000 டன் திறனோடு தொடங்கி, இன்று அந்த ஒரே இடத்தில் 4 லட்சம் டன் திறனை எட்டியுள்ளது. மரத்தை மட்டும் நம்பாமல் கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டது அதன் தனிச்சிறப்பு.

சக்கை சும்மா கிடந்த பொருள் அன்று. சர்க்கரை ஆலைகள் அதைத் தங்கள் கொதிகலனில் எரித்து நீராவி எடுத்துவந்தன. காகிதத்துக்காக அதை வாங்கினால் சர்க்கரை ஆலைக்கு வேறு எரிபொருள் வேண்டும். எனவே நிலக்கரியைக் கொண்டு நீராவிக்கு வழி செய்து கொடுத்து, பதிலுக்குச் சக்கையைப் பெறும் ஏற்பாடு உருவானது. ஒருவரிடம் எரிபொருளாக இருப்பது இன்னொருவரிடம் நாராகிறது. எந்த ஆலையோடு எவ்வளவு தூரம் வரை இந்த மாற்று கட்டுபடியாகும் என்பது பாடப்புத்தகத்தின் போக்குவரத்துக் கணக்கேதான்.

அங்கே நாளொன்றுக்கு 300 டன் திறனுள்ள மை நீக்கும் பிரிவு பின்னர் சேர்ந்தது. அதனால் சக்கைக் கூழ், மரக்கூழ், பழைய காகிதக் கூழ் மூன்றும் ஒரே வளாகத்தில் கிடைக்கத் தொடங்கின. மூன்றின் நார் நீளமும் வெண்மையும் விலையும் வேறு. கரும்பு அரவைக்குப் பருவம் உண்டு. மேலே பார்த்த அ, ஆ, இ கலவையின் பெரிய வடிவம் இது. சுண்ணாம்புக் கழிவையும் நிலக்கரிச் சாம்பலையும் கொண்டு சிமென்ட் செய்யும் பிரிவும் உண்டு. சுத்திகரித்த கழிவுநீர் சுற்றுவட்டார உழவர்களின் நிலங்களுக்குப் பாசனமாகப் போகிறது. இந்த ஆலை இன்ன கணினி நிரலால் வரையப்பட்டது என்று இங்குச் சொல்ல வரவில்லை. ஒன்றின் கழிவு மற்றொன்றின் உள்ளீடாகும் வலையை உகப்பாக்க நூல்கள் படம் போட்டுக் காட்டுகின்றன. இங்கே அது கட்டி எழுப்பப்பட்டு நிற்கிறது.

ஈரோட்டை அடுத்த பள்ளிபாளையத்தில் 1960இல் நிறுவப்பட்ட சேஷசாயி காகித ஆலையும் அதன் அருகிலுள்ள பொன்னி சர்க்கரை ஆலையும் இதே வகைச் சுற்றை அமைத்துக்கொண்டவை. சர்க்கரை ஆலையின் சக்கை காகிதத்துக்கு. காகித ஆலையின் சுத்திகரித்த நீர் கரும்புக்கு. ஈரோட்டில் 1887இல் பிறந்த ராமானுஜன், காகிதம் வாங்க வசதியின்றிச் சிலேட்டில் கணக்கிட்டு முடிவை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டவர் என்பது பலரும் அறிந்த செய்தி. அதே ஊரின் எதிர்க்கரையில் பின்னாளில் ஒரு காகித ஆலை எழுந்தது தற்செயல்தான்.

கடையிலிருந்து கிடங்குக்கு

ஆலையின் உள்ளே இவ்வளவு கணக்கு நடந்தாலும், இந்தியா பழைய காகிதத்தைப் பெருமளவில் வெளிநாடுகளிலிருந்து இறக்குமதி செய்துகொண்டுதான் இருக்கிறது. உள்நாட்டில் கழியும் காகிதம் போதுமான அளவு தரம் பிரிந்து ஆலைக்கு வந்து சேராததே இதற்கு முக்கியக் காரணம். குப்பையில் நனைந்து உணவுக் கழிவோடு கலந்த தாளை எந்த மிதப்புத் தொட்டியும் காப்பாற்றாது.

உத்திரமேரூர் போன்ற ஓர் ஊரை எடுத்துக்கொள்ளலாம். காஞ்சிபுரம் ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் இருக்கிறது. பழைய பேப்பர் கடைக்கு வருவது செய்தித்தாள், பள்ளி நோட்டு, அட்டைப்பெட்டி, திருமண அழைப்பிதழ் என்று பலவகை. கடைக்காரர் முன் இரண்டு வழிகள். எல்லாவற்றையும் கலந்து வாரத்துக்கு ஒரு சிறு லோடு அனுப்பலாம். அல்லது வகை பிரித்துச் சேர்த்துவைத்து, ஒவ்வொரு வகையும் ஒரு லோடு சேர்ந்த பிறகு அனுப்பலாம். இரண்டாவதில் விலை கூடுதல். ஆனால் இடம் வேண்டும், முதல் முடங்கும். சுற்றியுள்ள சில ஊர்க் கடைகள் சேர்ந்து ஒரு கட்டுப்போடும் இயந்திரம் வைத்தால் ஒரு லாரியில் இரு மடங்கு சரக்கு ஏறலாம். அந்த இயந்திரத்தை எந்த ஊரில் வைப்பது, வைப்பதா வேண்டாமா என்பது மறுபடியும் 1, 0 கணக்கு. ஊரக மாவட்டங்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுப்பது பொறியியல் கல்லூரி மாணவர்களின் இறுதியாண்டுத் திட்டத்துக்கு மிகப் பொருத்தமான வேலை. பெரிய கணினிகூட வேண்டாம். கட்டணமில்லாமல் கிடைக்கும் மென்பொருள்கள் போதும்.

அப்படிப் போடுவோர் காலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி ஆண்டு முடிந்து எழுதிய நோட்டுகள் மூட்டை மூட்டையாக வரும். அந்த ஆண்டுக்கான நல்ல வெள்ளைக் கழிவில் பெரும் பங்கு அப்போதே கிடைத்துவிடும். அதை விலை ஏறும் வரை வைத்திருக்க நினைத்தால் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். ஈரம் ஏறிய காகிதம் தராசில் கனக்கும். ஆலை வாசலில் ஈரத்தை அளந்து அந்த எடையைக் கழித்துக்கொள்வார்கள். பூஞ்சை பிடித்திருந்தால் வெள்ளைக் கழிவு என்ற தரத்திலிருந்தே இறக்கிவிடுவார்கள். ஆகவே உத்திரமேரூர்க் கடையின் கணக்கில் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் எழுத வேண்டிய கட்டுப்பாடு, ஒழுகாத கூரைக்குக் கீழே எத்தனை சதுர அடி இருக்கிறது என்பது.